எடை குறைந்த சுவருக்கு எந்தக் கல்? ஏஏசியா, நுரை ஜியோபாலிமரா?

பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த், பிறை, பத்து காவான் பக்கம் டெரஸ் வீடு வைத்திருப்பவர்கள் இதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பின்பக்கம் நீட்டிக் கட்டிய சமையலறை நாலைந்து வருடத்தில் பழைய வீட்டை விட்டு விலகிவிடும். இரண்டும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை விரல் நுழைகிற வெடிப்பு. பூசினாலும் மறு வருடம் திறந்துகொள்ளும். செபராங் பிறை கரையோர மண் பெரும்பாலும் இளகிய கடல் களிமண். வீட்டைக் கட்டிய மேம்பாட்டாளர் பைலிங் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்) அடித்திருப்பார். நீட்டிய பகுதிக்குப் பலர் அடிப்பதில்லை. அந்தப் பகுதி மட்டும் தன் எடையாலேயே இறங்குகிறது. சுவரின் எடையைக் குறைத்தால் பைலிங் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் மண்மேல் உட்காரும் எடையில் சுவருக்கும் பெரிய பங்கு உண்டு என்பதால், எந்தக் கல் என்ற கேள்வியை வண்ணப்பூச்சு மாதிரி கடைசி நேரத்துக்கு விடவும் கூடாது.

ஒரு மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 100 மில்லிமீட்டர் தடிமன் உள்ள சுவரை எடுத்துக்கொள்வோம். கன மீட்டருக்கு 2000 கிலோ வரும் சிமெண்ட் கல்லில் கட்டினால் அது 600 கிலோ. 1800 கிலோ செங்கல்லில் 540. சிமெண்ட் இல்லாமல் இறுகும் நுரைக் கல்லான நுரை ஜியோபாலிமர் 900 கிலோ அடர்த்தியில் கிடைத்தால் 270. நீராவியில் வேகவைத்த, காற்றுக் குமிழிகள் நிறைந்த ஏஏசி (AAC) கல்லில், 550 கிலோ அடர்த்திக்கு, 165. பத்து மீட்டர் சுவர் என்றால் சிமெண்ட் கல்லுக்கும் ஏஏசிக்கும் நடுவே நாலு டன்னுக்கு மேல் வித்தியாசம். பூச்சு இந்தக் கணக்கில் இல்லை.

ஏஏசியை நம் ஆட்கள் பலர் கையில் தூக்கிப் பார்த்திருப்பார்கள். ஜியோபாலிமர் அவ்வளவு பழக்கமில்லை. நிலக்கரிச் சாம்பல், உருக்காலைக் கசடு, சுட்ட கயோலின் களிமண் இப்படி சிலிக்காவும் அலுமினாவும் உள்ள பொடியில் காஸ்டிக் சோடா, சோடியம் சிலிக்கேட் கரைசலைச் சேர்த்தால், சிமெண்ட் இல்லாமலேயே கல்லாக இறுகும். 1970களில் பிரெஞ்சு வேதியியலாளர் ஜோசப் டேவிடோவிட்ஸ் வைத்த பெயர்தான் ஜியோபாலிமர். நம் வடக்கே உள்ள பெர்லிஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் ஆய்வு மையம் இயங்குகிறது.

ஜியோபாலிமர் என்றாலே எடை குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவின் டூவூம்பாவில் 2014இல் திறந்த விமான நிலையத்தில் ஊற்றிய ஜியோபாலிமர் கான்கிரீட் சாதாரண கான்கிரீட்டைப் போலவே கனமானது. எடையைக் குறைப்பது உள்ளே அடைபட்ட காற்றுக் குமிழிகள், அல்லது ஜல்லிக்குப் பதில் போடும் செம்பனைக் கொட்டை ஓடு மாதிரியான இலகுவான பொருள். அதனால் விற்பவர் "ஜியோபாலிமர், எடை இல்லை" என்று சொன்னால், கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கேளுங்கள். எண் வரவில்லை என்றால் பேச்சை அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டு கல்லையும் உண்மையில் பிரிப்பது அந்தக் குமிழியை அமுங்காமல் எப்படி நிலைநிறுத்துகிறார்கள் என்பதுதான். ஏஏசியில் மணல், சுண்ணாம்பு, சிமெண்ட் கலவையில் கொஞ்சம் அலுமினியப் பொடி போடுவார்கள். ஹைட்ரஜன் கிளம்பிக் கலவை பொங்கும். அரைகுறையாக இறுகியதும் கம்பியால் அறுத்து, சுமார் 190 டிகிரியில் பல மணி நேரம் உயர் அழுத்த நீராவியில் வேக வைப்பார்கள். அந்தச் சூட்டில் உள்ளே உருவாகும் படிகம் நிலையானது. பிறகு சுருங்குவது குறைவு. முதல் கல்லும் ஆயிரமாவது கல்லும் ஒரே மாதிரி இருக்கும்.

நுரை ஜியோபாலிமரில் ஹைட்ரஜன் பெராக்சைடோ அலுமினியப் பொடியோ சேர்க்கிறார்கள், இல்லையென்றால் தனியாக அடித்த நுரையைக் கலக்கிறார்கள். பொங்குவதில் சிரமமே இல்லை. பொங்கியது அப்படியே நிற்க வேண்டும். நிலக்கரிச் சாம்பலை மட்டும் நம்பினால் அறை வெப்பத்தில் இறுக நேரம் பிடிக்கும். பினாங்கு வெயில் எவ்வளவு அடித்தாலும் போதாது. 60 முதல் 80 டிகிரி வரை சூடு கொடுக்க வேண்டும். அதற்குள் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, பொங்கிய ஆப்ப மாவு அமுங்குகிற மாதிரி கலவை கீழே உட்கார்ந்துவிடும். உருக்காலைக் கசடு சேர்த்தால் சீக்கிரம் இறுகும், ஆனால் காயும்போது கூடுதலாகச் சுருங்கி மயிரிழை வெடிப்பு விடும். மாதிரிக் கல் கிடைத்தால் குறுக்கே அறுத்துப் பாருங்கள். மேல்பாதியில் மிளகளவு ஓட்டைகளும் கீழ்ப்பாதியில் ஓட்டையே தெரியாத கருஞ்சாம்பல் பட்டையும் இருந்தால், அந்தக் கல்லின் எடையும் பலமும் மேலே ஒன்று, கீழே ஒன்று.

பலத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. நம் ஊரில் எடையைத் தாங்குவது கான்கிரீட் தூணும் உத்தரமும். நடுவில் அடைக்கும் சுவருக்கு 3 மெகாபாஸ்கல் அழுத்தத்தைத் தாங்கும் பலம் போதும். ஒழுங்காகச் செய்திருந்தால் இரண்டுமே அதைத் தரும். தீப்பிடிக்காததிலும் இரண்டும் நல்ல கல்.

வெப்பத் தடுப்பில் ஏஏசி முந்துகிறது. 550 கிலோ ஏஏசியின் வெப்பக் கடத்தல் எண் ஏறக்குறைய 0.15. இந்த எண் குறையக் குறைய வெப்பம் உள்ளே வருவதும் குறையும். நுரை ஜியோபாலிமர் அடர்த்தியைப் பொறுத்து அதைவிட மேலே போகும். மலாயா பல்கலைக்கழகத்தில் செம்பனை ஓடு சேர்த்துச் செய்த, 1300 கிலோ அடர்த்தியுள்ள நுரை ஜியோபாலிமருக்கு 0.47 வந்தது. செங்கல்லைவிட அது நன்றாகத்தான் தடுக்கிறது. ஆனால் வரிசை நடுவில் இருக்கும் டெரஸ் வீட்டில் வெயில் படுவது முன்சுவரிலும் பின்சுவரிலும் மட்டும். அனல் இறங்குவது கூரையிலிருந்து. அந்த வீட்டுக்காரர்கள் கல்லுக்குக் கூடுதல் பணம் போடுமுன் கூரைக்கு அடியில் காப்புப் போடட்டும். மூலை வீட்டுக்காரர்களுக்கும், மேற்குப் பார்த்த அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கும் சுவர் உண்மையிலேயே முக்கியம்.

ஜியோபாலிமரில் எனக்குப் பெரிய கவலை உப்பு. உள்ளே வினையாற்றாமல் மிஞ்சும் சோடியம், ஈரத்தோடு மேற்பரப்புக்கு வந்து காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளையாகப் பூக்கும். ஓட்டைகள் உள்ள கல்லில் ஈரம் ஏறுவது இன்னும் சுலபம். பினாங்கின் மழையையும் புழுக்கத்தையும் விடக் கடுமையான சோதனை வேண்டுமா? வீட்டிலேயே சோதிக்கலாம்: தட்டில் ஒரு விரல் தண்ணீர் ஊற்றி அதில் கல்லை நிறுத்தி ஒரு வாரம் விடுங்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரம் காய்கிற இடத்தில், வெள்ளைப் பஞ்சு மாதிரி படிந்தால் அந்தக் கல் வெளிச்சுவருக்கு வேண்டாம். சாயத்தை உரித்துக்கொண்டு வரும்.

சுற்றுச்சூழலுக்காக ஜியோபாலிமரை விரும்புகிறவர்களை நான் மதிக்கிறேன். ஒரு டன் சிமெண்ட் கிளிங்கர் (அரைத்துச் சிமெண்டாக்கும் சுட்ட கட்டி) செய்ய முக்கால் டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. அதைத் தவிர்ப்பது பெரிய காரியம். ஆனால் சோடியம் சிலிக்கேட்டைச் செய்ய மணலையும் சோடா சாம்பலையும் ஆயிரம் டிகிரிக்கு மேல் உருக்க வேண்டும். ஜியோபாலிமரால் கரியமில வாயு 80 விழுக்காடு மிச்சம் என்ற பேச்சு பரவலாக இருந்த காலத்தில், 2013இல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு அந்தக் கரைசல், சூடு எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது சாதாரண கான்கிரீட்டைவிட 9 விழுக்காடு மட்டுமே குறைவு என்று கண்டது. கலவைக்குக் கலவை இது மாறும்.

சாம்பலும் நிரந்தரம் இல்லை. மஞ்சோங், காப்பார் மின் நிலையங்களின் சாம்பல் ஏற்கெனவே சிமெண்டுக்கும் கான்கிரீட்டுக்கும் போகிறது. 2044க்குள் நிலக்கரி மின்சாரத்தை நிறுத்துவதாக அரசாங்கம் சொல்லியிருக்கிறது. அதனால்தான் எனக்குச் செம்பனைச் சாம்பல் மேல் ஆர்வம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது தெரியும். ஆலைக் கொதிகலனில் செம்பனை நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்து மிஞ்சியதைத் தோட்டத்துச் சாலையில் கொட்டுவார்கள். சிலிக்கா நிறைய உண்டு, அலுமினா குறைவு. நன்றாக அரைத்து, கசடோ கயோலினோ சேர்த்தால்தான் சரியாக இறுகும். அந்த வழியில் வரும் கல் நம் நாட்டுக் கல்லாக இருக்கும்.

எந்த நிலையிலும் வீட்டு வாசலில் வைத்து ஜியோபாலிமர் கலக்க விடாதீர்கள். காஸ்டிக் சோடா கரையும்போதே கொதிக்கும். தோலில் பட்டால் தசை வரை அரிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகும். ஜப்பான் சிலிப்பரோடும் வெறுங்கையோடும் வேலை செய்கிற தொழிலாளியிடம் அந்த வாளியைக் கொடுப்பது பாவம். ஆலையில் வார்த்து, சூட்டில் பதப்படுத்தி வரும் கல்லோ பலகையோ மட்டும்தான் சரி.

ஆக, இப்போது வீட்டை நீட்டுகிறவர்களுக்கு என் பதில் ஏஏசி. நாட்டிலேயே தயாராகிறது, எடை மிகக் குறைவு, கல்லுக்குக் கல் மாறாது. நுரை ஜியோபாலிமருக்கு இன்று ஏற்ற இடம் அடுக்குமாடி, அலுவலகக் கட்டடங்களின் உட்சுவர். அங்கே ஈரம் இல்லை, பொறியாளர் இருக்கிறார், ஒவ்வொரு தொகுதிக்கும் சோதனை அறிக்கை கேட்க முடியும்.

ஏஏசி எடுத்தால் கான்ட்ராக்டரிடம் மூன்றை எழுதி வாங்குங்கள். இணைப்புக்கு 3 மில்லிமீட்டர் பசைக் கலவை, சாதாரண மணல் சிமெண்ட் கூடாது. சமையலறை, குளியலறைச் சுவரின் அடியில் கான்கிரீட் திண்டு, அதன்மேல் நீர்த்தடுப்புப் பூச்சு. பாத்திரம் அடுக்கும் கேபினட்டைத் தொங்கவிட இந்தக் கல்லுக்கென்றே வரும் நீள நைலான் பிளக்.