வண்ண இலைச் செம்பருத்தியா, நந்தியாவட்டையா, காகிதப்பூவா?

"பூவும் வேணும், பூக்காத நாளிலும் பார்க்க அழகா இருக்கணும்" என்று நர்சரியில் கேட்டால், கடைக்காரர் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் எடுத்து வைப்பார்: வேரிகேட்டட் (வண்ண இலை) செம்பருத்தி, வேரிகேட்டட் நந்தியாவட்டை, வேரிகேட்டட் காகிதப்பூ. மூன்றும் புதர்ச்செடிகள். மூன்றிலும் பச்சை இலையோடு வெள்ளையோ மஞ்சளோ கலந்திருக்கும். எது அழகு என்று பார்த்து வாங்குகிறவர்கள்தான் அதிகம். வைக்கப்போகிற இடத்தில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று பார்த்துவிட்டுப் போனால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

காரணம் இலையிலேயே இருக்கிறது. இலையில் வெள்ளையாகத் தெரியும் பகுதியில் பச்சையம் கிடையாது, அதனால் அது உணவு தயாரிக்காது. பாதிப் பேர் சம்பாதிக்க, மீதிப் பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற குடும்பம் மாதிரி. அதனால்தான் வண்ண இலைச் செடி எதுவானாலும் தன் பச்சை இலைச் சகோதரனைவிட மெதுவாக வளரும், பூவும் கொஞ்சம் குறையும். நிழலில் வைத்தால் நிறம் மங்கிப் பச்சை கூடும். உச்சி வெயிலில் வைத்தால் அந்த வெள்ளைப் பகுதிதான் முதலில் கருகும். இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தாங்கும் என்பதில்தான் மூன்று செடிகளும் வேறுபடுகின்றன.

செம்பருத்தியில் இந்த வகையில் நர்சரிகளில் அடிக்கடி கிடைப்பது 'கூப்பரி'. சாதாரணச் செம்பருத்தி இலையை நினைத்துக்கொண்டு போனால் அடையாளமே தெரியாது. இலை ஒடுங்கி நீண்டிருக்கும். பச்சை, வெள்ளை, இளஞ்சிவப்பு மூன்றும் தூரிகையை உதறியது போலத் தெறித்திருக்கும். கொழுந்து இலையில் சிவப்பு தூக்கலாக இருக்கும், வெயில் நன்றாகக் கிடைத்தால் இன்னும் கூடும். பூ சிவப்பு, ஒற்றை அடுக்கு, வழக்கமான செம்பருத்தியைவிடச் சின்னது. 'ஸ்நோ குயின்' என்று இன்னொரு ரகம் உண்டு. அதற்கு இலை அகலம், வெள்ளையும் சாம்பல் பச்சையும்தான், சிவப்பு இருக்காது.

பிள்ளையாருக்கும் அம்மனுக்கும் தினம் நாலு பூ பறிக்க வேண்டும் என்று வாங்குகிறவர்களுக்கு 'கூப்பரி' ஏமாற்றம்தான். அதற்கு நாட்டுச் செம்பருத்தியே போதும். இலைக்காக வளர்த்து, பூ வந்தால் சந்தோஷம் என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல செடி மூன்றில் இல்லை.

ஆனால் மூன்றில் அதிகம் வேலை வைப்பதும் இதுதான். தண்ணீர் ஒரு நாள் தவறினால் மொட்டு உதிரும். மாவுப்பூச்சிக்குச் செம்பருத்தி என்றால் கல்யாண விருந்து. நுனிக் கொழுந்து சுருண்டு, இலைக் காம்படியில் வெள்ளைப் பஞ்சு அப்பியிருக்கும். 2008-இல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளியோடு வீட்டுச் செம்பருத்தியையும் விடவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதன் எதிரியான ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அது அடங்கியது. மற்ற மாவுப்பூச்சிகள் இன்னும் இருக்கின்றன. தண்டில் எறும்பு வரிசை ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் மேலே மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கிறது என்று அர்த்தம். ஆரம்பத்திலேயே தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிட்டு, சாயங்காலமாக வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளித்தால் போதும். நண்பகலில் தெளித்தால் வெள்ளைப் பகுதி வெந்துவிடும்.

நந்தியாவட்டைக்கு இவ்வளவு அலட்டல் கிடையாது. வண்ண இலை ரகத்தில் இலையின் ஓரம் பால் வெள்ளை, நடுவில் சாம்பல் கலந்த பச்சை. பூ ஐந்து இதழோடு காற்றாடி மாதிரி, தூய வெள்ளை. இரவில் லேசான மணமும் உண்டு. சிவனுக்குச் சாத்தப் பறிக்கலாம். மூன்று, நான்கு மணி நேரக் காலை வெயில் கிடைத்தாலே இதற்குப் போதும். அபார்ட்மென்ட் பால்கனியில், எதிர்க் கட்டடம் பாதி வானத்தை மறைக்கிற இடத்தில், மற்ற இரண்டும் முரண்டு பிடிக்கும். இது மட்டும் பொறுத்துப் போகும். குறை என்று சொன்னால் வளர்ச்சி ரொம்ப நிதானம். குட்டை ரகமாக இருந்தால் ஒரு வருடம் கழித்தும் வாங்கிய அளவிலேயே நிற்பது போலத் தோன்றும். வெட்டினால் பால் வடியும், கண்ணில் படக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைச் சொல்லி வைக்க வேண்டும்.

இதற்கு ஒரே ஒரு விசேஷ எதிரி உண்டு. ஒரு நாள் காலையில் பார்த்தால் நுனிக் கிளைகள் மொட்டையாக நிற்கும், பூச்சி எதுவும் கண்ணில் படாது. அப்போது தொட்டியின் மண்ணைப் பாருங்கள். மிளகு அளவில், சில சமயம் அதைவிடப் பெரிதாக, கரும்பச்சை உருண்டைகள் கிடக்கும். புழுவின் கழிவு அது. அதற்கு நேர் மேலே உள்ள கிளையின் அடிப்பக்கத்தைத் தேடினால், விரல் நீளத்துக்குப் பச்சைப் புழு ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். தலைக்குப் பின்னால் கண் மாதிரி இரண்டு நீலப் புள்ளிகள், வால் முனையில் ஒரு கொம்பு. அரளியையும் தின்னும் அந்துப்பூச்சியின் புழு. இலைப் பச்சையோடு அப்படியே கலந்துவிடுவதால் கழிவைப் பார்த்துத்தான் ஆளைப் பிடிக்க முடியும். மருந்து எதுவும் வேண்டாம், கையால் எடுத்துவிட்டால் சரி. செடி பதினைந்து, இருபது நாளில் மறுபடி துளிர்த்துவிடும்.

காகிதப்பூவின் கதையே வேறு. நாம் பூ என்று சொல்வது அதன் பூவடி இலை. உண்மையான பூ அதன் நடுவே இருக்கும் சின்ன வெள்ளைக் குழல். மூன்றில் அதிக நிறம், அதிக வெயில் தாங்கும் சக்தி, குறைந்த தண்ணீர் எல்லாம் இதற்குத்தான். 'திம்மா' என்ற ரகத்தில் ஒரே செடியில் வெள்ளையும் ரோஸ் நிறமும் பூக்கும், இலையிலும் மஞ்சள் கலந்திருக்கும். லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் காமா கதிர்வீச்சு செலுத்தி உருவாக்கிய வண்ண இலை ரகங்களும் உண்டு.

ஆறு மணி நேர நேரடி வெயில் இல்லாத இடத்தில் இதை வாங்கவே வேண்டாம். வெறும் முள்ளும் இலையும்தான் மிஞ்சும். முள் செடியை வாசலில் வைக்கக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால், சாஸ்திரம் எப்படியோ, நடைபாதையில் புடவையும் பள்ளிக்கூடப் பையும் மாட்டும் என்பது நிஜம். மொட்டை மாடிதான் இதற்குச் சரியான இடம்.

தொட்டி என்று வந்துவிட்டால் போட்டியின் முடிவு மாறிவிடும். தரையில் நட்டால் செம்பருத்திதான் என் முதல் தேர்வு. வேர் பரவ இடம் கிடைத்தால் தண்ணீர் விஷயத்தில் அதன் செல்லம் குறைந்துவிடும், வேலி மாதிரி வரிசையாகவும் வளர்க்கலாம். தரையில் விட்ட காகிதப்பூவோ நாலு வருடத்தில் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை மூட்டும். தொட்டியில் அதுவே அடங்கி ஒடுங்கி நிற்கும். வேர் நெருக்கமாக இருக்கும்போதுதான் நன்றாகவும் பூக்கும். பன்னிரண்டு அங்குலத் தொட்டி தாராளம். தண்ணீரை நிறுத்தி, இலை லேசாகத் தொங்கும்வரை விட்டு, அப்புறம் ஊற்றுங்கள். இப்படி ஒன்றிரண்டு முறை காயவிட்டால் பூத்துத் தள்ளும். இதே வைத்தியத்தைச் செம்பருத்திக்குச் செய்தால் மொட்டு அத்தனையும் கீழே கிடக்கும். இரண்டையும் ஒரே சொட்டுநீர்க் குழாயில் மாட்டுவது வேண்டாத வேலை.

செம்பருத்தியைத் தொட்டியில்தான் வைக்க வேண்டும் என்றால் பதினாறு அங்குலம் எடுங்கள். கறுப்பு குரோபேக் (செடி வளர்க்கும் பை) வேண்டாம். கத்திரி வெயிலில் மாடித் தளத்தின் சூடு கீழிருந்தும், பையின் சூடு பக்கத்திலிருந்தும் வேரை வேக வைக்கும். செங்கல் மேல் தூக்கி வைத்து, மே மாதம் முழுக்க நண்பகலில் பச்சை வலை நிழல் கொடுக்க வேண்டும். நந்தியாவட்டைக்கும் அதே நிழல் நல்லது. காகிதப்பூவுக்கு ஒன்றும் வேண்டாம். ஐப்பசி மழையில் மட்டும் அதன் தொட்டியில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சமயத்தில் பூ எதிர்பார்க்காதீர்கள், தை பிறந்த பிறகு வரும்.

மண் மூன்றுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்: செம்மண், நன்றாக மட்கிய தொழு உரம், வடிவதற்குக் கொஞ்சம் மணல். தழைச்சத்தைக் கொட்டாதீர்கள். காகிதப்பூ இலையாகவே ஓடும்.

உப்புத் தண்ணீர் போர்வெல் உள்ள வீடுகளில் ஒரு சிக்கல் வரும். செம்பருத்திக்கு இரும்புச் சத்து கிடைக்காமல் இலை வெளுக்கும். பச்சைச் செடியில் அது பளிச்சென்று தெரியும், வண்ண இலையில் 'ஆஹா, நிறம் கூடியிருக்கிறது' என்று நாமே ஏமாந்துவிடுவோம். கொழுந்தைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இயல்பான வெள்ளைத் திட்டுக்குத் தெளிவான விளிம்பு இருக்கும், நரம்பைப் பொருட்படுத்தாமல் குறுக்கே போகும். சத்துக் குறையில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பட்ட இடம் மஞ்சளாகும். இதற்குத் தலைகீழாக நரம்பு மட்டும் மஞ்சள் வலையாகத் தெரிந்தால், வெண்டைச் செடியில் வெள்ளை ஈ பரப்பும் தேமல் போன்ற வைரஸ் நோயாக இருக்கலாம். வெண்டையும் செம்பருத்தியும் ஒரே குடும்பம். அப்படி ஒரு செடியை 'புது ரகம்' என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

மூன்றிலும் திடீரென்று முழுப் பச்சையாக ஒரு கிளை கிளம்பும். அது வலுவாக, வேகமாக வளரும். "அட, செடி நன்றாகத் தேறிவிட்டதே" என்று விட்டுவிட்டால் ஒரு வருடத்தில் முழுச் செடியும் பச்சையாகிவிடும். இந்த விஷயத்தில் காகிதப்பூ மோசம், நந்தியாவட்டை நல்ல பிள்ளை. பச்சைக் கிளை தென்பட்டதும், அது கிளம்பிய கணுவுக்குக் கீழே, வண்ண இலை உள்ள இடம்வரை வெட்டிக் கவாத்து செய்யுங்கள். ஒட்டுக் கட்டிய காகிதப்பூவாக இருந்தால் ஒட்டுக்குக் கீழே வரும் தளிர் வேர்ச்செடியுடையது, அதை அடியோடு எடுத்துவிட வேண்டும். மாறாக முழு வெள்ளையாக ஒரு கிளை வந்தால் ஆசைப்பட்டுப் போத்து (புதுச் செடிக்காக வெட்டி நடும் கிளைத் துண்டு) போடாதீர்கள். தாய்ச்செடி ஊட்டும்வரைதான் அதற்கு உயிர். புதுச் செடிக்குப் பச்சையும் வெள்ளையும் சரிபாதியாக உள்ள கிளையிலிருந்துதான் போத்து எடுக்க வேண்டும். விதையில் இந்த நிறம் அப்படியே வரும் என்று நம்ப முடியாது.

மூன்றில் ஒன்றுதான் வாங்க முடியும், இடமும் சரியாகத் தெரியாது என்றால் நான் நந்தியாவட்டையைச் சொல்வேன். கண்ணைப் பறிக்கும் நிறத்தில் அது மூன்றாவதுதான். ஆனால் வாடகை வீடு மாறினாலும், மாடியிலிருந்து பால்கனிக்கு இறங்கினாலும், ஒரு வாரம் ஊருக்குப் போகையில் பக்கத்து வீட்டு அக்கா ரெண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றினாலும் தாக்குப்பிடிக்கும். வாங்கும்போது உயரமான செடியை எடுக்காமல், அடியிலிருந்தே மூன்று நான்கு கிளை பிரிந்த குட்டைச் செடியாகப் பார்த்து எடுங்கள். அதில் ஒரு கிளைகூட முழுப் பச்சையாக இருக்கக் கூடாது.