எடைக்கணக்கில் பழைய லெகோ பிரிக் வாங்கப் போகிறவர்கள் பணம் அனுப்பும் முன் படியுங்கள்: ₹18,600 போய்விட்டது

₹18,600. பழைய லெகோ பிரிக் (ஒன்றின்மேல் ஒன்று மாட்டிக் கட்டும் பிளாஸ்டிக் கட்டை) பன்னிரண்டு கிலோவுக்காக அனுப்பிய பணம். பெட்டி வந்து ஐந்து நாள் ஆகிறது. நேற்று ராத்திரி விற்றவர் எங்கள் எண்ணை பிளாக் செய்துவிட்டார். கோபம் ஆறிவிட்டால் "போனது போகட்டும்" என்று விட்டுவிடத் தோன்றும் என்பதால் இன்றைக்கே எழுதுகிறோம். அதே ஆள் வேறு பெயரில் அதே படத்தைப் போட்டு இன்னொருவரைப் பிடிக்கக்கூடும்.

எதற்காக வாங்கினோம் என்பதைச் சொன்னால்தான் என்ன கெட்டது என்று புரியும். திருநெல்வேலியில் டவுன், பாளையங்கோட்டை, பெருமாள்புரம் என்று ஆறு வீடுகளில் ஆறு துண்டாகக் கட்டி, அரையாண்டு விடுமுறையில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் சேர்த்து வைக்கவேண்டிய ஐரோப்பிய இடைக்கால நகரம் இது. ஒவ்வொரு துண்டும் 32×32 பேஸ்பிளேட், அதாவது பக்கத்துக்கு 32 ஸ்டட் (பிரிக்கைப் பிடிக்கும் குமிழ்) உள்ள அடிப்பலகை. ஸ்டட்டுக்கு ஸ்டட் 8 மி.மீ. என்பதால் ஒரு பக்கம் 25.6 செ.மீ. மூன்றுக்கு இரண்டாக வைத்தால் 76.8 செ.மீ. நீளம், 51.2 செ.மீ. அகலம். நகர மதில், இரட்டைக் கோபுர வாசல், சந்தைத் தெரு, மரச்சட்ட வீடுகள், ஆற்றுப் பாலம். பாலத்துக்கு வளைவு எப்படி வேண்டும் என்று கேட்டால் இந்த ஊர்ப் பிள்ளைகள் சுலோச்சன முதலியார் பாலத்தைத்தான் காட்டுகிறார்கள். அது 1843-இல் கட்டியது, இடைக்காலம் இல்லை. ஆனாலும் வளைவுக்கு வளைவு எடுத்துக்கொண்டோம்.

ஆர்டர் எழுதிக் கொடுத்தது இப்படி (1×2, 2×4 என்பதெல்லாம் ஸ்டட் எண்ணிக்கை): வெளிர் சாம்பல் 1×2, 1×4, 2×4 பிரிக் 5 கிலோ. அடர் சாம்பல் 1 கிலோ. மணல் நிறம் 2 கிலோ. செம்பழுப்பு பிளேட்டும் (தட்டைத் துண்டு) ஸ்லோப்பும் (சரிவுத் துண்டு) 2.5 கிலோ. கூரைக்கு அடர் சிவப்பு ஸ்லோப் 1.5 கிலோ. மொத்தம் 12 கிலோ, கிலோ ₹1,550.

அந்த விலையிலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நிறம் பிரித்துக் கழுவிய அசல் பிரிக்கை யாரும் அந்த விலைக்குத் தரமாட்டார்கள். சந்தேகம் வராமல் போனதற்குக் காரணம் அந்த ஆள் கேட்ட ஒரு கேள்வி.

பழைய பொருள் விற்கும் ஒரு ஆப்பில் விளம்பரம் இருந்தது. பேச்சு உடனே வாட்ஸப்புக்கு மாறியது. முதலில் "சார்" என்றார். திருநெல்வேலி என்றதும் "அண்ணாச்சி" ஆகிவிட்டது. அதற்கெல்லாம் யாரும் மயங்கவில்லை. பிறகு கேட்டார்: "பழைய சாம்பலா, புதுச் சாம்பலா அண்ணாச்சி? ரெண்டும் ஒரே சுவத்துல கலந்தா அசிங்கமா இருக்கும்."

லெகோவின் சாம்பல் நிறம் 2004-இல் மாறியது. அதற்கு முந்தியது லேசாக மஞ்சள் கலந்தது, பிந்தியது நீலம் கலந்தது. தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒரே மதிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழையது கறை பிடித்த மாதிரி நிற்கும். இதைக் கேட்கத் தெரிந்தவன் இந்தப் பொழுதுபோக்கில் கிடந்தவன்தான், நம்ம ஆள்தான் என்று நினைத்தோம். அந்த இடத்தில்தான் விழுந்தோம். சரக்கு தெரிந்தவன் ஏமாற்றமாட்டான் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. சரக்கு தெரிந்திருந்ததால்தான் எதை மேலே வைத்து எதை அடியில் புதைக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

அதற்கு முன்பே ₹310-க்கு 200 கிராம் மாதிரிப் பொட்டலம் வாங்கிப் பார்த்தாயிற்று. (₹18,600-இல் அது சேரவில்லை.) ஒவ்வொரு ஸ்டட்டிலும் லெகோ என்ற எழுத்து இருந்தது, பிடிப்பு சரியாக இருந்தது, நிறமும் சரி. தராசில் வைத்து எடுத்த வீடியோவும் வந்தது. பாதிப் பணம் இப்போது, மீதி சரக்கு வந்தபின் என்றோம். "இந்த லாட்ட இன்னொருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார், உங்களுக்காகத்தான் எடுத்து வச்சிருக்கேன்" என்றார். முழுத் தொகையும் ஒரே தடவையில் யுபிஐயில் போனது. கடைப் பெயருக்குப் போகவில்லை. ஒரு தனியாள் எண்ணுக்குப் போனது.

பெட்டி செவ்வாய்க்கிழமை வந்தது. கூரியர் சீட்டில் 10.4 கிலோ. அட்டைப்பெட்டியும் திணித்திருந்த செய்தித்தாளும் 700 கிராம் போக, சரக்கு 9.7 கிலோ. பன்னிரண்டுக்கு 2.3 கிலோ குறைவு.

மேலடுக்கு அழகாக இருந்தது. ஒரு சாண் தோண்டியதும் தெரிந்துவிட்டது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து பிரித்து எடை போட்டதில் அசல் 2.1 கிலோதான். போலி பிரிக் 5.2 கிலோ. மீதி 2.4 கிலோ கார்ச் சக்கரம், வண்டிப் பலகை, ரெண்டு வயசுப் பிள்ளைகளுக்கான பெரிய பிரிக். எடை ஏற்றுவதற்கு இந்தப் பெரிய பிரிக்கை விட வசதியானது இல்லை, நீளம் அகலம் உயரம் எல்லாமே சாதாரண பிரிக்கைப் போல் இரண்டு மடங்கு. அந்த 2.1 கிலோ அசலிலும் 600 கிராம் பழைய சாம்பல். செம்பழுப்பில் 200 கிராம் விரிசல் விட்டது. மதிலுக்கும் வீட்டுக்கும் உதவுவது 1.3 கிலோ. ₹18,600-ஐ அதால் வகுத்தால் கிலோ ஏறத்தாழ ₹14,300.

வேறு கம்பெனி பிரிக் எல்லாமே மட்டம் என்று சொல்லவில்லை. அளவு சுத்தமாக வார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். வேறு பிரிக்கை அசல் என்று சொல்லி விற்றதுதான் களவு. வந்தவை அளவிலும் தேறவில்லை.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்று வீட்டில் உள்ளவர்களே கேட்கிறார்கள். பிரிக்கின் உயரம் 9.6 மி.மீ., பிளேட்டின் உயரம் 3.2 மி.மீ. மூன்று பிளேட் ஒரு பிரிக். பத்து பிரிக் அடுக்கினால் மேல் ஸ்டட்டை விட்டுவிட்டு 96 மி.மீ. வரவேண்டும். வந்த போலியில் பத்து அடுக்கினால் 97.5. ஒன்றரை மி.மீ. என்ன பெரிது என்று தோன்றும். எங்கள் மதில் இருபது வரிசை. ஒரு வீட்டில் அசலில் கட்டிய துண்டும் இன்னொரு வீட்டில் போலியில் கட்டிய துண்டும் ஹாலில் பக்கத்தில் வந்தால் மதில் உச்சி 3 மி.மீ. ஏறி இறங்கும். அடியில் துண்டுகளைச் சேர்க்கும் டெக்னிக் பின்னும் (ஓட்டையில் செருகும் சின்ன பிளாஸ்டிக் முளை) ஓட்டைக்கு நேராக நிற்காது. பலவந்தமாக அடித்தால் ஓரம் பிளக்கும்.

மரச்சட்ட வீட்டில் இன்னும் மோசம். வெள்ளை அல்லது மணல் நிறச் சுவரில் செம்பழுப்புச் சட்டம் குறுக்கும் நெடுக்கும் ஓடவேண்டும். சட்டத்துக்கு பிளேட்டைப் பக்கவாட்டில் திருப்பி, பக்கத்தில் ஸ்டட் உள்ள 1×1 பிரிக்கில் மாட்டுவார்கள். இது நடப்பது ஒரே ஒரு கணக்கை நம்பி: ஐந்து பிளேட் கனம் 16 மி.மீ., இரண்டு ஸ்டட் அகலமும் 16 மி.மீ. இந்தப் போலி பிளேட் ஒன்று 3.3 மி.மீ. ஐந்து சேர்ந்தால் 16.5. இரண்டு ஸ்டட் இடைவெளியில் அது நுழையாது. நுழைத்தால் சுவர் வெளியே பிதுங்கும், மேல் மாடி உட்காராது. இதை எழுதும்போது மேசையில் அப்படிப் பிதுங்கிய சுவர் ஒன்று நிற்கிறது.

செம்பழுப்பு பற்றி ஒன்று சொல்லவேண்டும். பழைய வார்ப்புகளில் அந்த நிறமும் அடர் சிவப்பும் உடையும் என்பது இதில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்ததே. மாட்டும்போது தாங்கும், கழற்றும்போது மூலை தெறிக்கும். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் ஸ்டட்டின் அடியில் மயிரிழை மாதிரிக் கோடு தெரியும். அசல் என்றாலும் இந்த இரண்டு நிறத்தையும் எடைக்கணக்கில் வாங்காதீர்கள். படம் பார்த்து, எண்ணிக்கைக் கணக்கில் வாங்குங்கள்.

கூரைக்கு வந்ததையும் கேளுங்கள். 12 ஸ்டட் அகலம், 16 ஸ்டட் நீளம் உள்ள ஒரு வீட்டுக்கு 45 டிகிரி ஸ்லோப் போட்டால் பக்கத்துக்கு ஐந்து வரிசை, வரிசைக்கு நாலு 2×4 ஸ்லோப், இரண்டு பக்கமும் சேர்த்து 40. உச்சியில் இருபுறச் சரிவுள்ள 2×4 நாலு. இந்த 44-ம் ஒரே சிவப்பாக இருக்கவேண்டும். வந்ததில் மூன்று சிவப்பு. ஒன்று குங்குமம், ஒன்று செங்கல், ஒன்று மாதுளை. ஓடு மாற்றிப் பழுதுபார்த்த கூரை என்று சொல்லி ஒரு வீட்டில் ஒப்பேற்றலாம். நகரத்தின் ஒன்பது வீட்டிலும் முடியாது.

மதிலுக்கு மட்டும் ஒரு வழி இருந்தது. இடைக்கால மதில் ஒரே சாம்பலில் வழவழவென்று நின்றால் காம்பவுண்ட் சுவர் மாதிரி ஆகிவிடும். பத்துக்கு ஏழு வெளிர் சாம்பல், இரண்டு செங்கல் வரி போட்ட 1×2, ஒன்று அடர் சாம்பல் என்று கலப்போம். கீழ் மூன்று வரிசையில் அடர் சாம்பலைக் கூட்டுவோம். அந்தக் கலப்பில் பழைய சாம்பலை அடிவரிசையில் ஒளிக்க முடியும். ஆனால் இரண்டு ஸ்டட் கனத்தில் ஒரு துண்டு மதிலுக்கு 2×4 மட்டுமே 160 வேண்டும். 2×4 ஒன்று ஏறத்தாழ 2.3 கிராம், ஆக 370 கிராம். ஆறு துண்டுக்கு 2.2 கிலோ, கோபுரம் தனி. கையில் இருப்பது எல்லா நிறமும் சேர்ந்து 1.3.

பிறகு நடந்த பேச்சு. செவ்வாய் ராத்திரி படங்களை அனுப்பினோம். "கூரியர்ல மாறியிருக்கும்" என்றார். பெட்டியில் அவர் ஒட்டிய டேப் அப்படியே இருக்கிறது என்றோம். புதன்கிழமை, "கோடவுன்ல புதுப் பையன் பேக் பண்ணிட்டான், பாத்துச் சொல்றேன்." வியாழன் முழுக்க நீல டிக் மட்டும். வெள்ளிக்கிழமை "அண்ணாச்சி" போய் மறுபடியும் "சார்" வந்தது: "பெட்டி பிரிக்கிறப்ப வீடியோ எடுத்தீங்களா சார்? வீடியோ இல்லாம நாங்க எதுவும் செய்ய முடியாது." அடியில் கிடந்ததைத்தான் எடுத்திருந்தோம், டேப்பை வெட்டியதை எடுக்கவில்லை. அது தெரிந்ததும் குரலே மாறிவிட்டது. "எடைக்கணக்கு சரக்குக்கு ரிட்டர்ன் கிடையாது. அடுத்த ஆர்டர்ல ஆயிரம் ரூபா குறைச்சுக்கிறேன்." எடையே 2.3 கிலோ குறைகிறதே என்று கூரியர் சீட்டை அனுப்பினோம். அதற்குப் பதில் இல்லை. சனிக்கிழமை ராத்திரி பிளாக்.

ஆப்பில் புகார் கொடுத்தால், "பணம் எங்கள் வழியாக வரவில்லை, ஆகவே பொறுப்பில்லை" என்று ஒரு தானியங்கிப் பதில். மறுபடியும் எழுதினால் அதே பதில், எழுத்து மாறாமல். விளம்பரம் இன்னும் அங்கேயே இருக்கிறது, நாங்கள் பார்த்து ஏமாந்த அதே படத்தோடு. ₹18,600 வாங்கினவனுடைய விளம்பரத்தை எடுக்கக்கூட அவர்களுக்கு மனசில்லை.

எச்சரிக்கைகளை விரிவாக எழுத நினைத்தோம். இப்போது பொறுமை இல்லை, அவசரத்துக்குச் சில.

பேச்சு வாட்ஸப்புக்கு மாறினாலும் பணத்தை ஆப்பை விட்டு வெளியே அனுப்பாதீர்கள். மாதிரிப் பொட்டலத்தை நம்பாதீர்கள், அது பொறுக்கி எடுத்து அனுப்புவது. டேப்பை வெட்டுவதிலிருந்து அடித்தட்டு வரை ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள், கூரியர் சீட்டின் எடை அதில் தெரியட்டும்.

தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அசல் பிரிக் ஏபிஎஸ் பிளாஸ்டிக், தண்ணீரைவிடச் சற்றே கனம், மூழ்கும். மட்டமான பாலிப்ரொப்பிலீன் மிதக்கும். குழிப்பக்கத்தில் காற்று தங்கினால் அசலும் மிதக்கும், விரலால் திருப்பிக் காற்றை விட்டபின் பாருங்கள். மூழ்கியதெல்லாம் அசல் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள், போலியிலும் ஏபிஎஸ் உண்டு. பத்து அடுக்கி 96 மி.மீ. வருகிறதா என்று அளந்தே தீரவேண்டும்.

பணம் போனது தெரிந்த உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். "பாத்துச் சொல்றேன்" என்ற சொல்லை நம்பி நாங்கள் நாலு நாளை விட்டுவிட்டோம், அதை நினைத்தால்தான் ஆத்திரம் அடங்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. நாளை அந்த மனுவை எழுதத் தொடங்குகிறோம். கூரியர் சீட்டு, யுபிஐ ரசீது, பேச்சு முழுவதும் அச்செடுத்தாயிற்று.

இதைப் படிக்கிறவர்களில் யாரிடமாவது புதுச் சாம்பல் 2×4 கொஞ்சம், செங்கல் வரி போட்ட 1×2 ஒரு இருநூறு இருந்தால் சொல்லுங்கள். நேரில் வந்து, பார்த்து, எண்ணி, கையில் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறோம். தென்காசி, தூத்துக்குடி, நாகர்கோவில் வரை வரத் தயார். கோபுர வாசல் பாதியில் நிற்கிறது.