பினாங்கு டூருக்கு 3,78,000 ரூபாய் கட்டினோம், கையில் மிஞ்சியது கலர் பிரிண்ட் மட்டும்

போன வெள்ளிக்கிழமை நாங்கள் நான்கு பேரும் திருச்சியில் சிங்கப்பூர் விமானம் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. கட்டிய 3,78,000 ரூபாயும் திரும்பி வரவில்லை. இன்று காலையிலும் அந்த டிராவல்ஸ்காரனுக்குப் போன் அடித்தேன், இரண்டு ரிங் போனதும் கட் பண்ணிவிட்டான். கோபம் அடங்கட்டும், அப்புறம் எழுது என்று வீட்டில் சொல்கிறார்கள். அடங்கிவிட்டால் எழுத மாட்டேன், எனக்குத் தெரியும். வெளிநாட்டில் நாலு ஊர் சுற்றிவர யாரிடமாவது பிளான் போடக் கொடுத்திருப்பவர்கள், முக்கியமாக நம் கீழக்கரை, பெரியபட்டினம், ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள், தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் முடிவில் எழுதுகிறேன்.

கடையின் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் நடக்கட்டும். டிக்கெட், விசா, உம்ரா, டூர் பேக்கேஜ் எல்லாவற்றையும் ஒரே போர்டில் எழுதி, உள்ளே ஏசியும் சுவரில் பெரிய உலக வரைபடமும் வைத்திருக்கும் கடைகள் உண்டல்லவா, அந்த வகை.

பினாங்கு ஏன் என்று கேட்பீர்கள். என் வாப்பாவைப் பெற்றவர் அங்கே ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தவர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி பினாங்கில் போய் இறங்கிய தலைமுறை. நம் கடற்கரையில் அப்படி ஒருவராவது போகாத குடும்பம் குறைவு. வாப்பாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. தன் வாப்பா தொழுத பள்ளிவாசலில் ஒரு வக்து (வேளை) தொழுதுவிட வேண்டும் என்று ரொம்ப வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போவதுதான் போகிறோம், சிங்கப்பூர், மலாக்கா, கோலாலம்பூர் பார்த்துவிட்டுக் கடைசியில் பினாங்கில் நிதானமாகத் தங்கி, பாங்காக் வழியாகச் சென்னை திரும்பலாம் என்று முடிவு செய்தோம். பாதிப் பணம் உம்மா சீட்டுப் பிடித்துச் சேர்த்தது. மீதி நான் ஜித்தாவில் இருந்தபோது ஒதுக்கி வைத்தது.

அந்தக் கடைக்கு வாப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவரைக் கண்டதும் அவன் எழுந்து ஸலாம் சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ வாங்கி வரச் சொல்லி ஆள் அனுப்பினான். "மாமா, காசைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். எங்கெங்க போகணும்னு மட்டும் சொல்லுங்க" என்றான். வாப்பா தன் வாப்பாவின் கடை, அவர் ஊருக்கு அனுப்பிய கடிதங்கள், பள்ளிவாசல் என்று எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தார். அவன் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தான். வெளியே வந்ததும் வாப்பா என்னிடம், "பையன் பொறுமையா கேக்குறான், இவன்கிட்டயே கொடுப்போம்" என்றார்.

அப்புறம் பிளான் வந்தது. ஸ்பைரல் பைண்டிங் போட்டு, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம், படத்தோடு. எத்தனை மணிக்கு எழ வேண்டும், எங்கே சாப்பாடு, எந்த ஹோட்டல் எல்லாம் இருந்தது. பினாங்கு பக்கத்தைத் திறந்தால், "பகல் 1.30, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், லுஹர் தொழுகை, பிறகு மாமாவுக்கு ஓய்வு" என்று அச்சடித்திருந்தது. வாப்பா அந்த வரியில் விரலை வைத்து உரக்க வாசித்தார். ஃபைலைப் பள்ளிக்குக் கொண்டுபோய் அவருடைய கூட்டாளிகளிடமும் காட்டினார். உம்மா அங்கே இருக்கும் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கத் தொதல் என்னும் இனிப்பு செய்யச் சொல்லி வைத்தார். அந்த ஒரு வரிதான் எங்களைப் பணம் கட்ட வைத்தது. ஒரு வயசான மனிதர் மனசு திறந்து சொன்னதை எழுதி வாங்கி, அதையே அவருக்கு விற்றிருக்கிறான். இதை நினைத்தால்தான் எனக்கு உடம்பு எரிகிறது.

பேக்கேஜ் 3,60,000, டிசிஎஸ் வரி 18,000, ஆக மொத்தம் 3,78,000. முன்பணமாக 78,000 ரூபாய் ஜிபேயில் வாங்கினான். சில வாரத்தில் நான்கு பேருக்கும் சிங்கப்பூர் விசா வந்தது. அது அசல் விசா, சோதித்துப் பார்த்தோம். விசா கைக்கு வந்த அன்று சாயந்திரமே போன் (நம் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்): "காக்கா, விசா வந்திருச்சு, இனி டிக்கெட் ரேட் ஏறிக்கிட்டே போகும், மீதியை இன்னைக்கே போட்டுவிட்டா இந்த ரேட்டுல லாக் பண்ணிடுவேன்." கடைக் கணக்கில் ஏதோ லிமிட் பிரச்சினை, வீட்டுக்காரம்மா கணக்கில் போடுங்கள் என்றான். மீதி 3,00,000 ரூபாய் அந்தக் கணக்குக்குப் போனது. அன்று இரவு ஹோட்டல் வவுச்சர்கள், விமான முன்பதிவு எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தன.

இந்த வித்தையை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூர் விசாவுக்கு அரசாங்கக் கட்டணம் ஆளுக்கு 30 சிங்கப்பூர் டாலர்தான். அதற்கு மேல் அவன் கையிலிருந்து பெரிதாக எதுவும் போகவில்லை. அந்தச் சின்னச் செலவைச் செய்து காட்டி மூன்று லட்சத்தைக் கறந்துவிட்டான்.

குட்டு உடைந்தது என் மச்சானால். அவர் கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா பக்கம் கடை வைத்திருக்கிறார். எந்தெந்த நாள் வருகிறோம் என்று தெரியட்டுமே என்று ஃபைலைப் படம் எடுத்து அனுப்பினேன். படித்துவிட்டு உடனே கூப்பிட்டார். "இதை எழுதினவன் இந்தப் பக்கம் வந்தவனா? கோலாலம்பூர்ல ரயில் ஏறி ஜார்ஜ் டவுன் ஸ்டேஷன்ல இறங்கணும்னு போட்டிருக்கான். ஜார்ஜ் டவுன் தீவுல இருக்கு. ரயில் பட்டர்வொர்த்தோட சரி. அங்கே இறங்கி ஃபெர்ரி பிடிக்கணும், இல்லேன்னா பாலத்து மேல கார்ல வரணும்" என்றார். பாம்பனில் ரயில் கடலைத் தாண்டுவதைத் தினம் பார்க்கிற நமக்கு அங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றிவிடும். ஆனால் பினாங்குக்கு இருக்கும் இரண்டு பாலங்களும் சாலைப் பாலங்கள்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் மச்சானும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். சிங்கப்பூரிலிருந்து மலாக்காவுக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் என்று போட்டிருந்தான். எல்லையில் சிங்கப்பூர் பக்கம் ஒரு முறை, மலேசியா பக்கம் ஒரு முறை இறங்கி குடிநுழைவு முடிக்க வேண்டும், மலேசியா பக்கம் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நான்கு மணி நேரமாவது ஆகும். முட்டி வலியோடு இருக்கும் வாப்பாவை வைத்துக்கொண்டு, அன்று மதியமே மலாக்காவில் நடந்து சுற்றிப் பார்க்க வேண்டுமாம்.

பாங்காக் இதைவிட மோசம். பினாங்கிலிருந்து வரும் விமானம் டான் முவாங் விமான நிலையத்தில் இறங்குகிறது. சென்னை விமானம் கிளம்புவது சுவர்ணபூமியில். இரண்டும் வேறு வேறு விமான நிலையங்கள், ஊரின் வேறு வேறு திசையில். இடையில் இரண்டரை மணி நேரம். தனித்தனி டிக்கெட் என்பதால் பெட்டியை எடுத்து, தாய்லாந்து குடிநுழைவைத் தாண்டி, பாங்காக் டிராஃபிக்கில் டாக்ஸி பிடித்து, மறுபடி செக்இன் செய்ய வேண்டும். எந்த ஊர்க்காரனாலும் முடியாது. தாய்லாந்துக்குள் நுழைய டிஜிட்டல் அரைவல் கார்டு என்னும் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும் என்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் எஸ்டிமேட்டில் "அரைவல் கார்டு சார்ஜ் ஆளுக்கு 1,500" என்று இருக்கிறது. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் அந்தக் கார்டு இலவசம். அந்தந்த நாட்டு அரசாங்க இணையதளத்தில் நாமே நிரப்பலாம்.

சரி, பிளானில்தான் கோளாறு, டிக்கெட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து விமான நிறுவனத்தின் இணையதளத்தில் பிஎன்ஆர் என்னும் முன்பதிவு எண்ணைப் போட்டேன். திருச்சி–சிங்கப்பூருக்கு அப்படி ஒரு முன்பதிவே இல்லை என்று வந்தது. சென்னை திரும்பும் விமானத்துக்குப் போன் செய்து கேட்டேன். ஹோல்டில் போட்டு வைத்த முன்பதிவு, குறித்த நேரத்துக்குள் பணம் கட்டாததால் தானாக ரத்தாகிவிட்டது என்றார்கள். ஹோட்டல்களுக்கு மெயில் போட்டேன். கோலாலம்பூர் ஹோட்டல் மட்டும் பதில் அனுப்பியது: இலவச ரத்து வசதியோடு, பணம் கட்டாமல் முன்பதிவு செய்யப்பட்டது, பிறகு ரத்து செய்யப்பட்டது. ரத்தானது எங்களுக்கு வவுச்சர் வந்த மறுநாளே. அதாவது வவுச்சரை டவுன்லோட் செய்து எங்களுக்கு அனுப்பிவிட்டு அழித்திருக்கிறான்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் உங்களுக்கும் கோபம் வரும். முதலில் "சர்வர் பிரச்சினை காக்கா, நாளைக்குக் காட்டும்" என்றான். அடுத்து "சென்னை ஹெட் ஆபீஸ்ல இஷ்யூ பண்ணணும்". அப்புறம் கடையில் இருக்கும் பெண் பிள்ளை எடுத்து, "சார் உம்ரா குரூப்போட மக்காவுல இருக்காங்க, வந்ததும் பேசுவாங்க" என்றது. மக்காவில் இருக்கும் ஆள் அன்று சாயந்திரம் ராமநாதபுரத்தில் பைக்கில் போனதை என் தம்பி பார்த்திருக்கிறான். அல்லாஹ்வின் வீட்டைச் சொல்லிப் பொய் சொல்ல எப்படி மனசு வருகிறது?

நேரில் போய் உட்கார்ந்தேன். வாப்பாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டவன் என்னை உட்காரச் சொல்லவில்லை. "நீங்கதான் பிளான் சரியில்லேன்னு சொல்றீங்க, அப்ப நீங்கதானே கேன்சல் பண்றீங்க? கேன்சலேஷன் பாலிசிப்படி எழுபத்தஞ்சு பெர்சன்ட் பிடிப்போம்" என்றான். எந்தப் பாலிசி என்று கேட்டால் காட்ட எதுவும் இல்லை. போடாத டிக்கெட்டுக்கு என்ன கேன்சலேஷன்? குரலை உயர்த்தியதும், "அடுத்த சீசன்ல போறதுக்கு வவுச்சரா மாத்தித் தரேன், மாமாவுக்காக" என்று இறங்கி வந்தான். வாப்பாவின் பெயரை மறுபடி அவன் வாயில் கேட்டபோது எழுந்து வந்துவிட்டேன்.

அந்த 18,000 ரூபாயையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு டூர் பேக்கேஜ் விற்பவர் டிசிஎஸ் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும் என்பது உண்மைதான். அப்படிக் கட்டினால் அது நம் பான் எண்ணில் வருமான வரித் துறையின் பதிவில் ஏறும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்ப வாங்கலாம். ஆனால் இவன் எங்கள் யாருடைய பான் எண்ணையும் கேட்கவே இல்லை. பிறகு யார் பெயரில் கட்டினான்? வரி என்று சொல்லித் தன் பையில் போட்டுக்கொண்டான். 3,78,000 என்று நான் முழுத் தொகையையும் திரும்பத் திரும்ப எழுதுவது இதனால்தான். பேக்கேஜ் பணத்தைக் கொடுத்து, வரியை விட்டுவிடச் சொல்லிப் பேரம் பேச இப்போதே ஆள் அனுப்புகிறான். ஒரு ரூபாய் விட மாட்டேன்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்கியிருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். இது பலருக்குத் தெரியவில்லை. எனக்குச் சொன்னது எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது, அவசரமானதை மட்டும் சொல்கிறேன். பணம் கட்டிய அன்றே விமான நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் பிஎன்ஆர் போட்டுப் பாருங்கள், ஏஜென்ட் அனுப்பும் பிடிஎஃப் கணக்கில் வராது. பெரிய விமான நிறுவனங்களில் டிக்கெட் போட்டுவிட்டால் 13 இலக்க டிக்கெட் எண் இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். ஹோட்டலுக்கு நீங்களே மெயில் போட்டு, பணம் கட்டியாயிற்றா என்று கேளுங்கள், கிளம்புவதற்கு முன் மறுபடியும் கேளுங்கள். கடைப் பெயரில் இல்லாத கணக்குக்கு ஒரு ரூபாய் போடாதீர்கள். ஜிஎஸ்டி எண் போட்ட பில் இல்லாமல் எஸ்டிமேட் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். பிளானை அந்த ஊரில் வசிக்கும் ஒருவரிடம் காட்டுங்கள், நம் ஊரில் யாருக்குத்தான் மலேசியாவில் ஆள் இல்லை. ஆன்லைனில் பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிடமே 1930 சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அடியுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிவிடும். கடைக்காரன் இழுத்தடித்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள்.

இதே மாதிரி ஸ்பைரல் ஃபைல் வாங்கி, வீட்டுக்காரம்மா கணக்குக்குப் பணம் போட்டவர்கள் நம் மாவட்டத்தில் வேறு யாராவது இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் சாட், வவுச்சர் எதையும் அழிக்காதீர்கள். அவன் "டெலீட் ஃபார் எவ்ரிஒன்" போட ஆரம்பித்துவிட்டான், அதற்குள் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை நான் ராமநாதபுரம் போகிறேன், அதற்கு முன் சேர்ந்தால் எல்லோருடைய தாள்களையும் ஒன்றாகக் கொண்டுபோகலாம்.