ஒரு காது திடீரென மந்தமானால்: வீட்டுச் சோதனைகளில் எதை நம்பலாம்?

காலையில் எழுந்ததும் ஒரு காது கேட்கவில்லை. குறும்பியோ சளியோ அடைத்திருக்கிறதா, உள்காதோ நரம்போ பாதிக்கப்பட்டிருக்கிறதா? இரண்டாவது என்றால் ஸ்டீராய்டு சிகிச்சையை உடனே தொடங்க வேண்டும். முதல் 2 வாரம் போனால் பலன் குறையும். இந்தக் கேள்விக்கு எது விடை தருகிறது என்று மட்டுமே இங்கே பார்க்கிறோம்.

காசில்லாத ஹம்மிங் சோதனைக்கே முதலிடம். வாயை மூடிக்கொண்டு தாழ்ந்த குரலில் 'ம்ம்ம்' என்று இழுக்க வேண்டும். மந்தமான காதில் உரக்கக் கேட்டால் அடைப்பு. நல்ல காதில் கேட்டால் நரம்புப் பாதிப்பைச் சந்தேகிக்க வேண்டும். தலைகீழாகத் தோன்றுகிறதா? நலமாக இருக்கும்போதே ஒரு காதை விரலால் அடைத்து ஹம்மிங் செய்து பாருங்கள், ஒலி அடைத்த பக்கம் தாவும். ஒலி நடுவிலேயே நின்றால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

512 ஹெர்ட்ஸ் இசைக்கவை (தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் இரும்புக் கவை) இன்னும் தெளிவானது. மேசையில் தட்டினால் வேறு சுருதி ஒலிகளும் கலக்கும். முழங்காலில் தட்டி, காம்பை நெற்றி நடுவில் அழுத்துங்கள்; ஒலி எந்தக் காதில் உரக்கக் கேட்கிறது என்பதை ஹம்மிங் போலவே புரிந்துகொள்ளுங்கள். 128 ஹெர்ட்ஸ் கவை வேண்டாம், ஒலியைவிட அதிர்வுதான் உணரப்படும். காதுக்குப் பின்னுள்ள எலும்பில் கவையை வைத்து, பிறகு காதருகே பிடித்து, எலும்பு வழியே உரக்கக் கேட்டால் அடைப்பு என்று கொள்ளும் ரின்னி சோதனையைத் தனியாக நம்பக் கூடாது: அறவே கேட்காத காதின் பின்னால் வைத்தாலும் மண்டையோட்டு வழியே மறுகாது கேட்டுவிடும், பார்ப்பதற்கு அடைப்பு போலவே இருக்கும்.

கவை இல்லாதபோது வைப்ரேட் ஆகும் போனை நெற்றியில் வைக்கலாம். உறையைக் கழற்றிவிடுங்கள். மோட்டார் இரைச்சல் காற்று வழியே நல்ல காதுக்குப் போய்க் குழப்பும் என்பதால் இதை இரண்டாம் சாட்சியாக மட்டுமே கொள்ளலாம்.

செயலிகள்தான் ஏமாற்றம். உலக சுகாதார அமைப்பு 2019இல் வெளியிட்ட ஹியர்டபிள்யூஹெச்ஓ, இரைச்சலுக்கு நடுவே எண்களைக் கேட்கவைத்து ஒரே மதிப்பெண் தருகிறது. ஒரு காது நன்றாக இருந்தாலே தேறிவிடலாம். காதுகளைத் தனித்தனியே சோதிக்கும் செயலிகளிலும் ஒலியைக் கூட்டக் கூட்ட மறுகாது கேட்டுவிடும். கேட்கும் திறனை அளக்கும் ஆடியோமெட்ரி அறையில் நல்ல காதுக்கு இரைச்சல் கொடுத்து அதைத் தடுப்பார்கள். அந்த வசதி பெரும்பாலான செயலிகளில் இல்லாததால் பெரிய இழப்பு நடுத்தர இழப்பாகத் தெரியும். நலமாக இருக்கும்போது ஒரு பதிவு எடுத்து வைக்க மட்டும் அவை உதவும். 72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த 3 அதிர்வெண்களில் (சுருதிகளில்) கேட்கும் திறன் குறைந்தது 30 டெசிபல் சரிவதே, திடீர் நரம்புப் பாதிப்பைக் கண்டறிய மருத்துவர்கள் பார்க்கும் அளவுகோல்.

தலைசுற்றல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல் சேர்ந்து வந்தால் சோதனை எதுவும் செய்யாமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். எண்ணெய் ஊற்றாதீர்கள். "சளிதான், ஒரு வாரம் பார்க்கலாம்" என்று மருத்துவர் சொன்னாலும் அன்றைக்கே பியூர் டோன் ஆடியோமெட்ரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.