ஷரீஅத் முறையில் வசிய்யத்: திருச்சியில் நான் படியேறிய இரண்டு அலுவலகங்கள்

76 வயதாகும் என் அத்தா (அப்பா) வசிய்யத், அதாவது மரண சாசனம் எழுதி வைக்க விரும்பியதால், கடந்த சில மாதங்களில் திருச்சியில் இரண்டு அலுவலகங்களை அணுகினேன். இரண்டுமே ஷரீஅத் முறைப்படி உயில் எழுதித் தருவதாகச் சொல்பவை. இரண்டின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. இந்த வேலையை ஒப்படைக்கப் போகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

முதல் அலுவலகத்தில் வேலை விரைவாக முடிந்தது. சொத்து எவை, எது யாருக்கு என்று மட்டும் கேட்டார்கள். மூன்றாம் நாள் பன்னிரண்டு பக்க வரைவு வந்தது. தலைப்பில் பிஸ்மில்லாஹ்வும் அதன் கீழே ஒரு வசனமும் இருந்தன. அதற்குப் பின் வீடு அக்காவுக்கு, லால்குடி நஞ்சை எனக்கு, கடை தம்பிக்கு என்று எந்த வீட்டு உயிலிலும் காணக்கூடிய பங்கீடுதான் இருந்தது. வாரிசுக்கு வசிய்யத் இல்லை என்பது இஸ்லாமிய வாரிசுரிமைச் சட்டமான பராயிளின் அடிப்படை விதி. இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஹனஃபி மத்ஹபின்படி, எழுதியவர் மவுத்தான (இறந்த) பிறகு மற்ற வாரிசுகள் மனமொப்பினால்தான் அது செல்லும். அதற்கும் வழி வைத்திருப்பதாகச் சொல்லி, எங்கள் மூவரிடமும் ஆட்சேபணை இல்லை என்று இப்போதே கையெழுத்து வாங்கினார்கள். அத்தா உயிரோடு இருக்கையில் எங்களுக்கு உரிமையே பிறக்கவில்லை; பிறக்காத உரிமையை விட்டுக்கொடுக்கும் காகிதம் பின்னால் எவரையும் கட்டுப்படுத்தாது. விவசாய நிலத்துக்கு ஷரீஅத் பொருந்தாது என்றும் அடித்துச் சொன்னார்கள். 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கியிருந்தது உண்மை. ஆனால் நம் மாநிலத்தில் 1949இல் கொண்டுவந்த திருத்தம் அந்த விலக்கை எடுத்துவிட்டது. இதை எனக்குச் சொன்னவர் இரண்டாவது அலுவலகத்தின் வழக்கறிஞர்.

அங்கே சனிக்கிழமைகளில் மார்க்க அறிஞரான ஒரு ஹஜ்ரத்தும் உடன் அமர்கிறார். சொத்துப் பட்டியலை நீட்டிய அத்தாவிடம் அதை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, "ஹாஜியார், யாருக்கு என்ன கொடுக்க வேண்டியிருக்கிறது?" என்றுதான் அவர் ஆரம்பித்தார். ஜனாஸா (அடக்கச்) செலவு, கடன், அதன் பின் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாத வசிய்யத், மீதியே வாரிசுகளுக்கு என்பது வரிசை. சில்லறைக் கடன்களைச் சொல்லி முடித்த அத்தாவிடம், அம்மாவுக்குத் தர வேண்டிய மணக்கொடையான மஹர் கொடுத்தாகிவிட்டதா என்று கேட்டார். பள்ளிவாசல் தஃப்தரில் (பதிவேட்டில்) எழுதிய ஐந்து பவுன் அப்படியே நிற்கிறது என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. அது அம்மாவுக்குச் சேர வேண்டிய கடன் என்று முதல் பத்தியிலேயே எழுதினார்கள்.

அடுத்த கேள்வி, இறந்துபோன பிள்ளைகள் உண்டா என்பது. என் அண்ணன் 2019இல் காலமானார். அவருக்கு ஒரு மகன். நானும் தம்பியும் இருக்கையில் அந்தப் பேரனுக்கு வாரிசுரிமை கிடையாது. முதல் வரைவில் அவன் பெயரே இல்லை. வாரிசு அல்லாதவன் என்பதாலேயே அவனுக்கு வசிய்யத் எழுதலாம் என்று சொன்ன ஹஜ்ரத், ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். இப்போதுள்ள நிலையில் சொத்தை 40 பங்காக்கினால் அம்மாவுக்கு எட்டில் ஒன்றாக 5, எனக்கும் தம்பிக்கும் தலா 14, அக்காவுக்கு 7. அண்ணன் இருந்திருந்தால் அவருக்கு 10, அதாவது கால் பங்கு வந்திருக்கும். அது மூன்றில் ஒன்றுக்குள் அடங்குவதால் அதையே பேரனுக்கு எழுதலாம் என்றார். வசிய்யத் மொத்தச் சொத்திலிருந்து முதலில் கழியும் என்பதால் அம்மாவின் பங்கும் 5இலிருந்து 3.75ஆகக் குறையும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அம்மா சம்மதித்த பிறகே எழுதினார்கள். சம்மதம் சட்டப்படி தேவையில்லை. கேட்டது எனக்குப் பிடித்திருந்தது.

இறுதி ஆவணம் இரண்டரைப் பக்கம். அதில் எங்கள் எவருடைய பங்கும் பின்னமாக எழுதப்படவில்லை. எட்டில் ஒன்று அம்மாவுக்கு என்று பெயர் சொல்லி எழுதிவைத்து, நாளை அம்மா முந்திக்கொண்டால் அந்த வரி என்னவாகும்? மவுத்தின் போது உயிரோடிருப்பவர்தாம் வாரிசு. ஆகவே மீதியை அன்றைய வாரிசுகளுக்குப் பராயிள்படி பிரிக்க வேண்டும் என்ற ஒற்றை வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அக்காவுக்கு வீட்டைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அத்தா வற்புறுத்தியபோது, அப்படியானால் ஹிபாவாக (உயிரோடிருக்கையில் தரும் கொடையாக) இன்றே கொடுத்து, ஏற்கச் செய்து, சுவாதீனத்தையும் ஒப்படைக்க வேண்டும் என்றும், பிள்ளைகளுக்கிடையே நீதம் பேணுவது தனிப் பொறுப்பு என்றும் விளக்கினார்கள். சாவியைக் கொடுக்க வேண்டும் என்றதும் அத்தா பேச்சை மாற்றிவிட்டார்.

முஸ்லிம் எழுதும் வசிய்யத்துக்கு எழுத்தும் சாட்சியும் சட்டப்படி கட்டாயமில்லை; வாய்மொழியாகவும் சொல்லலாம். பதிவும் விருப்பத்தின் பேரில்தான், முத்திரைத்தாள் செலவும் கிடையாது. இருந்தும், நிலபுலன் இருப்பதால் பின்னால் தகராறு வரக்கூடாது என்று, பயன்பெறாத இரண்டு சாட்சிகளை வைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து கொடுத்தார்கள். அத்தா நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதையும் அவரிடம் நேரில் சொன்னார்கள்.

குறையும் உண்டு. முதலில் ஆங்கிலத்தில் மட்டுமே தட்டச்சு செய்து தந்தார்கள். தன் வசிய்யத்தைத் தானே வாசிக்க முடியாவிட்டால் எப்படி என்று அத்தா கேட்ட பிறகுதான் தமிழ் வரைவு வந்தது. அதற்குப் பத்து நாளும் தனிக் கட்டணமும் ஆயின. தமிழில் எழுத வேண்டும் என்பவர்கள் முன்பணம் கொடுக்கும்போதே அதைப் பேசிவிடுவது நல்லது. வங்கி வைப்பில் நாமினியாக இருக்கும் தம்பி அந்தப் பணத்துக்கு உரிமையாளர் ஆகிவிட மாட்டான் என்பதை நான் கேட்ட பிறகே எழுத்தில் சேர்த்தார்கள். கடையை வாடகைக்கு எடுக்கையில் மொத்தமாகக் கொடுத்த பகடிப் பணத்தின் கணக்கு மட்டும் இன்னும் பாக்கி. கட்டட உரிமையாளரின் ரசீதோடு அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.