நான்கு வருட ஆர்க்கிட் அனுபவம்: பூவை விட்டு வேரைப் பார்த்த பிறகு

நான்கு வருடமாக வீட்டில் ஆர்க்கிட் வளர்க்கிறேன். இப்போது ஃபலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் வகையில் மூன்று, டென்ட்ரோபியம் என்ற வகையில் ஒன்று இருக்கின்றன. முதலில் வாங்கிய செடி ஐந்தே மாதத்தில் செத்துப்போனது. ஆசையாகத் தினமும் தண்ணீர் ஊற்றினேன். இலை துவண்டதும் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினேன். கடைசியில் தொட்டியைக் கவிழ்த்தால், வேரெல்லாம் பழுப்பு. விரலால் இழுத்தபோது தோல் உருவிக்கொண்டு வந்து நடுவே நூல் மாதிரி ஒன்றுதான் மிஞ்சியது. வேர் அழுகியதால் தண்ணீரை எடுக்க முடியாமல் வாடிய செடிக்கு மேலும் மேலும் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஃபலனாப்சிஸ் காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வாழ்வது. அதன் வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற ஓர் உறை உண்டு, வெலமன் என்பார்கள். மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அப்புறம் காற்றில் காய்ந்துவிடும். மண்ணில் புதைத்தால் அந்த வேருக்கு மூச்சு முட்டும். அதனால் இரண்டாவது செடியை மரப்பட்டைத் துண்டும் கொஞ்சம் கரியும் போட்டு, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்தேன். நான் செய்ததிலேயே உருப்படியான காரியம் இதுதான். வேர் காய்ந்தால் வெள்ளி நிறம், ஈரமானால் பச்சை. தொட்டிக்குள் பெரும்பாலான வேர்கள் வெளுத்த பிறகுதான் தண்ணீர் விடுகிறேன். கோடையில் ஐந்து நாளுக்கு ஒரு முறை, குளிர்காலத்தில் பத்து நாள்கூட ஆகும். காலையில் ஊற்றி நன்றாக வடியவிடுவேன். இலைகளின் நடுக்குருத்தில் நீர் தேங்கினால் அதுவும் அழுகும், பஞ்சால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

வெளிச்சத்துக்கு, இளங்காலை வெயில் மட்டும் படும் ஜன்னல் போதும். இலை கரும்பச்சையாக மாறினால் வெளிச்சம் குறைவு, சிவப்பு ஓடினால் அதிகம். உரத்தைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் கால்வாசிதான் கலக்கிறேன். ஒன்றரை, இரண்டு வருடத்தில் பட்டை மக்கிப் பொடியாகிவிடும், அப்போது மாற்றியே ஆக வேண்டும். மாவுப்பூச்சி ஒரு தடவை வந்தது, பஞ்சில் ஆல்கஹால் நனைத்துத் துடைத்தே போய்விட்டது.

பூதான் பொறுமையைச் சோதிக்கும். வாங்கும்போது இருந்த பூ இரண்டரை மாதம் நின்றது, சரி. அது உதிர்ந்த பிறகு பதினான்கு மாதம் வெறும் இலைதான். இரவு 18 டிகிரி அளவுக்குக் குளிரும் நாட்கள் சில வாரம் தொடர்ந்தால் பூந்தண்டு கிளம்பும் என்று தெரிந்ததும், குளிர்காலத்தில் செடியை ஜன்னலுக்கு இன்னும் நெருக்கமாக நகர்த்தினேன். ஒரு நாள் இலைக்கடியில் பச்சையாக ஒரு முனை. வேரா, தண்டா என்று இரண்டு வாரம் புரியவில்லை. வேர் முனை உருண்டு வழவழப்பாக இருக்கும், பூந்தண்டு முனை கையுறையின் விரல் போல ஒரு பக்கம் மடிந்திருக்கும். இது மடிந்திருந்தது! பதினொரு பூ பூத்தது.

டென்ட்ரோபியத்தை முதல் செடியாக வாங்க வேண்டாம் என்பேன். அதற்கு இன்னும் அதிக வெளிச்சம் வேண்டும், என்னிடம் இருப்பது இன்னும் பூக்கவில்லை. ஆனால் போன வாரம் அடியில் புதுக் குருத்து ஒன்று விட்டிருக்கிறது, சுண்டுவிரல் நகம் அளவுக்கு.