மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு ரோயிங் மெஷின்: இரண்டரை வருட அனுபவம்

வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது 2023 ஜனவரியில், எனக்கு அப்போது 61 வயது. அந்த ஏப்ரல் கடைசியிலிருந்து ரோயிங் மெஷினில் உட்கார்கிறேன், அதாவது உருளும் சீட்டில் உட்கார்ந்து காலால் உதைத்து, துடுப்புப் போடுவது மாதிரி கைப்பிடியை இழுக்கிற உடற்பயிற்சி மெஷின். நடுவில் மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போன இரண்டு மாதம் தவிர விட்டதில்லை. இதே ஆபரேஷன் முடித்தவர்கள் "நாங்களும் வாங்கலாமா டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முட்டியை மடக்க வைப்பதற்காக இதை வாங்காதீர்கள். மடங்க ஆரம்பித்த முட்டிக்குப் பலம் ஏற்ற வாங்குங்கள், தாராளமாக வாங்கலாம்.

மடக்குகிற வேலை வேறு இடத்தில் நடக்க வேண்டும். மெத்தையில் படுத்து, குதிகாலுக்கு அடியில் பாலிதீன் கவரைப் போட்டு, காலை வழுக்கி வழுக்கி இழுத்த அந்த முதல் ஆறு வாரம்தான் எனக்கு வளைவைக் கொடுத்தது. நாற்காலியிலிருந்து ஒழுங்காக எழவே 90 டிகிரிக்கு மேல் மடங்க வேண்டும். சைக்கிள் பெடலை முழுச் சுற்று சுற்ற 105, 110 என்று தேவைப்படும், அதனால்தான் பிசியோ (உடற்பயிற்சி சொல்லித்தருகிற பிசியோதெரபிஸ்ட்) முதலில் பாதிச் சுற்று முன்னால், பாதிச் சுற்று பின்னால் என்று ஆட்டச் சொல்வார்கள். ரோயிங் மெஷினில் சீட்டை முன்பக்கம் கடைசி வரை கொண்டுபோனால் இதைவிடவும் அதிகமாக மடங்கும். சர்ஜன் சரி என்று சொன்ன அன்று எனக்கு 104 டிகிரி. சொல்வதற்கு முன் அவர் கேட்டது ஒரே கேள்வி: "அவ்வளவு தாழ்வான சீட்ல உட்கார்ந்து எழுந்திருக்க முடியுமாம்மா?"

அந்தக் கேள்வியின் அருமை முதல் நாளே புரிந்தது. என்னுடையது காற்றுவிசிறி வகை மெஷின், தெரிந்தவர் ஒருவர் ஜிம்மை மூடியபோது வாங்கியது, சீட் தரையிலிருந்து 14 அங்குலம்தான். நம் வீட்டு நாற்காலி 17, 18 அங்குலம் இருக்கும். போதாக்குறைக்கு சீட்டுக்குக் கீழே உருளை இருப்பதால் உட்காரப் போகும்போது அது பின்னால் நழுவிவிட்டது. நல்ல வேளை, மகன் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டான். அதிலிருந்து ஒரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையைப் பக்கத்தில் போட்ட கனமான தேக்கு நாற்காலியில் ஊன்றி, ஆபரேஷன் ஆன காலை முன்னால் நீட்டிவிட்டுத்தான் உட்காருகிறேன். எழுவதும் அப்படியே. இப்போது வாங்குகிறவர்கள் உயரக் கால் வைத்த மாடல் கிடைக்கிறதா என்று பாருங்கள், அதில் சீட் 20 அங்குலம் வரும். கூடுதல் பணம் கொடுத்தாலும் தகும், இரண்டு கால்களிலும் வலி இருக்கிறவர்களுக்குக் கட்டாயம் அதுதான்.

இனி டேப் கதை. சீட் ஓடுகிற அந்த நீளமான ரெயிலில், வலி வராமல் நான் எவ்வளவு முன்னால் போக முடிகிறதோ அந்த இடத்தில் பிசியோ ஒரு சிவப்பு எலக்ட்ரிக்கல் டேப்பைச் சுற்றி ஒட்டினார். "இதைத் தாண்டாதீங்கம்மா, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை நானே நகர்த்துறேன்." முதல் வாரம் காலை அசைக்கவே இல்லை, நீட்டி வைத்துக்கொண்டு முதுகும் கையும் மட்டும் இழுத்தேன், மூன்று நிமிடம். அப்புறம் டேப் வரைக்கும். டேப் ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு விரற்கடை நகரும், சில சமயம் அதுவும் இல்லை. பழைய டேப்பை உரிக்காமல் அதன் மேல் பேனாவால் தேதி எழுதி வைத்தேன். ஏப்ரல் 29க்கும் டிசம்பர் 10க்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, அதில் ஒன்பது சிவப்புக் கோடுகள். ஏழு மாதத்துக்கு மேல் என் முழங்கால் என்ன செய்தது என்று அந்த ஒரு சாண் சொல்லும். இன்று 118 டிகிரி, அதற்கு மேல் போகவில்லை, எனக்கு அது போதும்.

மடங்குவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள், நீட்டுவதை விட்டுவிடுகிறார்கள். கால் முழுக்க நேராக நீளாவிட்டால் நடையில் நொண்டல் வந்துவிடும். இந்த மெஷினில் ஒவ்வொரு இழுப்பிலும் காலை நேராக நீட்டி முடிக்க வேண்டியிருக்கிறது, தொடைத் தசை அங்கேதான் வேலை செய்கிறது. எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான். ஆனால் முட்டியைப் பூட்டுகிற மாதிரி படாரென்று உதைக்கக் கூடாது.

ஐந்தாம் மாதம் ஒரு தப்புச் செய்தேன். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று டேம்பரை (விசிறிப் பெட்டியின் பக்கத்தில் எண் போட்ட நெம்புகோல்) 3லிருந்து 7க்கு ஏற்றி இருபது நிமிடம் இழுத்துவிட்டேன். மறுநாள் காலை முட்டி சூடாக, பலூன் மாதிரி. தையல் டேப்பால் முட்டிச்சில்லுக்கு நடுவில் அளந்தேன், வழக்கமாக 41 செ.மீ., அன்று 43. மூன்று நாள் ஐஸ் ஒத்தடம், காலை உயர்த்தி வைத்துப் படுக்கை. அன்றிலிருந்து இப்படித்தான் வைத்திருக்கிறேன்: இழுக்கும்போது வலிக்கிறதா என்பதை விட, மறுநாள் காலையில் வீக்கம் இருக்கிறதா என்று பார். இருந்தால் நேற்றுச் செய்தது அதிகம். டேம்பரைப் பொறுத்தவரை எண்ணைக் கூட்டினால் உடற்பயிற்சி கூடும் என்று நினைக்க வேண்டாம், அது விசிறிக்குள் போகிற காற்றின் அளவுதான், பளு நாம் எவ்வளவு அழுத்தி உதைக்கிறோம் என்பதில் இருக்கிறது. நான் 3லேயே நிற்கிறேன், நிமிடத்துக்கு 20 இழுப்பு.

இன்னொன்று, நமக்கே தெரியாமல் நல்ல கால் எல்லா வேலையையும் வாங்கிக்கொள்ளும். எனக்குத் தெரியவே இல்லை. மகன் பின்னாலிருந்து வீடியோ எடுத்துக் காட்டியபோதுதான் ஒவ்வொரு உதையிலும் இடுப்பு இடது பக்கம் சாய்வதைப் பார்த்தேன். மெஷினால் அதைச் சரிசெய்ய முடியாது, இரண்டு கால்களும் ஒரே பலகையில் சேர்ந்து உதைக்கின்றன. வலது காலுக்கு மட்டும் தனியாகப் படி ஏறும் பயிற்சி நான்கு மாதம் செய்த பிறகே நேரானது.

முட்டியில் "டிக்" என்று சத்தம் வரும், வலி இல்லாதவரை பயம் வேண்டாம், செயற்கை மூட்டின் உலோகமும் பாலிஎத்திலின் பிளாஸ்டிக்கும் படுகிற சத்தம் அது. தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துப்போனது இன்னும் இருக்கிறது. விசிறிச் சத்தம் கொஞ்சம் அதிகம், கீழ்வீட்டில் குழந்தை தூங்காத நேரம் பார்த்துத்தான் செய்வேன். பராமரிப்பு எளிது, சீட் ரெயிலைத் துடைக்க வேண்டும், சங்கிலிக்கு 50 மணி நேரத்துக்கு ஒரு தடவை எண்ணெய், வாரத்துக்கு மூன்று நாள் இருபது நிமிடம் என்ற என் கணக்குக்கு அது வருடம் ஒரு தடவைதான் வருகிறது.

எங்கள் வீடு இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. ஒன்றரை வருடம் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கியவள், போன தீபாவளியிலிருந்து மாற்றுக் காலில் இறங்குகிறேன். தரையில் சம்மணம் போட்டு உட்காருவது மட்டும் இல்லை, சர்ஜன் வேண்டாம் என்றார், விட்டுவிட்டேன்.

இடது முழங்காலுக்கும் தேதி குறித்தாகிவிட்டது. ரெயிலில் சிவப்பு டேப் அப்படியே இருக்கட்டும், இந்தத் தடவைக்குப் பச்சை வாங்கி வைத்திருக்கிறேன்.